மண்ணில் நின்றுவிட்ட கால்கள்

பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பெண்ணுக்குக் குடையக்கா என்று பெயர் வந்தது மழைக்குப் பயந்ததால் அல்ல. மழை விட்ட மறுநாள் காலையில் அவர் குடையில்லாமல்தான் மேட்டுக்குப் போவார். திரும்பும்போது கூடைக்குள் சின்னச் சின்ன வெள்ளைக் குடைகள் இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் காளானைக் குடை என்பார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வயதில் என் மகளைவிட இளையவர். இருந்தாலும் அடுத்த வீட்டுக்காரனான நானும் அவரைக் குடையக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

பணிமனையின் பின்பக்கக் கொட்டகையில், ரெக்சின் தைக்கும் பெரிய இயந்திரத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். கிழிந்த இருக்கை ஒன்றைக் கொண்டுவந்து போட்டால், அது சாவியால் கிழிந்ததா, எலி கடித்ததா, சும்மா உட்கார்ந்திருக்க முடியாத ஒரு பயணி விரலால் நோண்டி நோண்டிப் பெரிதாக்கியதா என்று விளிம்பைத் தடவியே சொல்லிவிடுவார். காளானிலும் அவர் அப்படித்தான். முதலில் அடிபட்டார், பிறகு ஆராய்ந்தார்.

மணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மழைக்காலத்தில், தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு காளானைப் பறித்து வந்து சமைத்துத் தின்றார். கணவருக்குப் பம்பு நிலையத்தில் வேலை. அன்று பகல் முழுக்க வீட்டில் இல்லை. அதனால் அவர் தப்பித்தார். குடையக்கா மாலை வரை குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் காளான் என்ற சொல்லையே மறந்திருப்பார்கள். இவர் உடம்பு தேறியதும் அதே இடத்துக்குப் போய் அதே காளானை மறுபடி பறித்து வந்தார். தின்பதற்கு அல்ல, அது என்ன ஆள் என்று பார்ப்பதற்கு. கறுப்பு ரெக்சினில் பாதி, வெள்ளை ரெக்சினில் பாதி என ஒட்டுத் துணிகளை ஒன்றாகத் தைத்து, அதன் நடுவில் காளானின் தலையைக் கவிழ்த்து வைத்து ஒரு சட்டியால் மூடினார். மறுநாள் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் பச்சையாகத் தூள் உதிர்ந்திருந்தது.

"பச்சையா தூள் கொட்டுறத நான் தட்டை வழிச்சித் தின்னிருக்கேன் சார்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்று தொடங்கி, தெரியாத காளான் எதுவானாலும் அந்த ரெக்சின் துண்டில் ஓர் இரவு படுத்து எழுந்தாக வேண்டும். தெரிந்த காளான் அவருக்கு ஒன்றே ஒன்றுதான்: கரையான் புற்றுக்கு மேலே முளைக்கும் புற்றுக்காளான். அதையும் அவர் அறுக்கமாட்டார். பணிமனையில் கழித்துப்போட்ட ஒரு திருப்புளியை மண்ணுக்குள் விட்டு, மெல்ல நெம்பி, அடியோடு எடுப்பார். புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள்ளும் நீண்டு, முள்ளங்கி வால் போல மெலிந்து, புற்றைத் தேடிக்கொண்டு போகும். கொல்லக்கூடிய வெள்ளைக் காளான் ஒன்று இருக்கிறது. இளசாக இருக்கும்போது வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரி. ஆனால் அதன் அடியில் வால் கிடையாது. கிழிந்த முட்டைத்தோடு போல ஒரு பை இருக்கும். அந்தப் பை மண்ணுக்குள் இருப்பதால் மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

"மனுசங்கள மூஞ்சியப் பாத்து நம்பலாம், ஏமாந்தா அழுதுட்டுப் போயிடலாம். காளான மூஞ்சியப் பாத்து நம்பக்கூடாது சார். காலப் பாக்கணும்." கால் தெரியாத காளான் கூடைக்குள் வராது. கேட்டவர்களுக்குக் கொடுப்பார், கொடுத்துவிட்டு அது அடுப்பில் ஏறும்வரை அவர்கள் சமையலறையிலேயே நிற்பார். விருந்தாளியைவிட அவரை அனுப்புவது கஷ்டம் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அவர் கணவரான பம்புக்காரருக்கு ஒரு தங்கை. வேறோர் ஊரில் பெரிய விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பில் கடுகளவு கறை தெரிந்தாலும் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்புகிறவர். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக வாசலில் நின்று, "அண்ணி, உங்க வீட்டுக்குள்ள வர்றப்போ செருப்பக் கழட்டணுமா, இல்ல போட்டுக்கணுமா?" என்று கேட்பார். குடையக்காவும் விடுவதில்லை: "நீ எப்படி வந்தாலும் தரைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, வா." இருவருக்கும் பெரிய பகை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரே அலமாரியை இருவரும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள்.

அந்த மழைக்காலத்தில் வந்திருந்த நாத்தனார், தானும் மேட்டுக்கு வருவதாகச் சொன்னார். இனிச் சொல்வதில் மேட்டில் காலையில் நடந்ததையும் சமையலறையில் நடந்ததையும் நான் நேரில் பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் தனித்தனியாகச் சொன்னதில் எது ஒத்துவந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேடு புல்வெளியாக ஏறி, உச்சியில் நட்டு வளர்த்த மரக்கூட்டத்தில் முடிகிறது. புற்று இருப்பது புல்வெளியில். குடையக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, காலைத் திருப்பிப் பார்த்து, மண்ணோடு கூடையில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளி நின்றார்.

"இந்த மண்ண எல்லாம் எதுக்கு அண்ணி வீட்டுக்குச் சுமந்துட்டுப் போறீங்க? இங்கேயே வெட்டி எறிஞ்சா கூடை சுத்தமா இருக்கும்ல?"

"மண்ணோட வந்தாத்தான் நல்ல காளான்."

"அப்போ உங்க வீடு முழுக்க நல்ல காளான்தான்."

குடையக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் பணிமனையிலிருந்து தொலைபேசி. தொலைதூர வண்டி ஒன்று புறப்பட வேண்டும், ஓட்டுநர் இருக்கை கிழிந்து கம்பி வெளியே நிற்கிறது, உடனே வா என்றார்கள். கூடை பாதிகூட நிறையவில்லை. அதை நாத்தனார் கையில் கொடுத்தார்.

"இது போதும். நேரா வீட்டுக்குப் போ. நான் வந்து சமைக்கிறேன்."

"ஏன், எனக்குச் சமைக்கத் தெரியாதா?"

"தாராளமா சமை. இதுல இருக்கறத மட்டும் சமை."

திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போய்விட்டார். நாத்தனார் கூடையைப் பார்த்தார். அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறவர். இது அவருக்கு ஒரு வாய்க்குக் காணாது. பக்கத்திலேயே புல்லில் இன்னும் சில நின்றன. பழம் நறுக்கும் கத்தி அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். மண்ணுக்கு ஒரு விரல் மேலே சுத்தமாக அறுத்தார். வெயில் ஏறியதும் நிழலுக்கு ஒதுங்கி மரங்களின் பக்கம் போனார். அங்கே நின்றவை இன்னும் அழகு. புற்றுக்காளான் சாம்பல் ஓடிய வெள்ளை, உச்சியில் பழுப்பாக ஒரு மூக்கு வேறு. மரத்தடியில் நின்றவையோ அப்போதுதான் கஞ்சி போட்டுத் தேய்த்த விரிப்பு போலத் தூய வெள்ளை. அவர் தொழிலில் வெள்ளை என்றால் சுத்தம். அவற்றையும் அறுத்துக் கூடையில் போட்டார்.

குடையக்கா வீடு திரும்பும்போது பிற்பகல். சாப்பாடு முடிந்திருந்தது. பம்புக்காரர் சாய்வு நாற்காலியில் கண் மூடிக் கிடந்தார்.

"உனக்கு எடுத்து வெச்சிருக்கா. இன்னிக்குத்தான் காளான் காளானா இருந்துச்சு," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"கேட்டீங்களா அண்ணி? நான் சொல்லல," என்றார் நாத்தனார்.

குடையக்கா மூடியைத் திறந்தார். அவருக்கென்று வைத்திருந்த கிண்ணமே நிறைய இருந்தது. கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்தார்; அது வீட்டிலேயே பெரிய சட்டி. குப்பைக் கூடையைத் தரையில் கொட்டி விரலால் கிளறினார். அவர் பறித்தவற்றின் வால்கள் மட்டும் மண்ணோடு கிடந்தன.

"மீதிக்கெல்லாம் கால் எங்க?"

"என்ன கால்?"

"நான் குடுத்தது பாதிக் கூடை. சட்டி நிறையச் சமைச்சிருக்க. மீதி எங்கேருந்து வந்துச்சு?"

"அங்கேயேதான் அறுத்தேன். இதுக்கு ஏன் இப்படிக் கத்துறீங்க? மண்ண வீட்டுக்குக் கொண்டுவராதது ஒரு குத்தமா?"

குடையக்கா கணவரை உலுக்கி எழுப்பினார். "எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு. இவளுக்கு."

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் செய்யலையே. நல்ல ருசியா இருந்துச்சு."

"கெட்டதும் ருசியாத்தான் இருக்கும்ங்க. அது சொல்லிட்டு வராது."

நாத்தனாரின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ என் அண்ணனுக்கு நானே விஷம் வெச்சேன்கிறீங்களா? நானும்தானே சாப்பிட்டேன்?"

"அதான் உன்னையும் கூப்பிடுறேன்."

இந்த இடத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்ட குரல் கேட்டது. "சார், கார் ஓடுற நெலமையில இருக்கா?" குரலில் பதற்றம் இல்லை. அதனாலேயே நான் செருப்புகூடப் போடாமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊர் மருத்துவமனை சின்னது. பணியில் இருந்த டாக்டர் ஒரு பெண். குடையக்கா டிபன் பாக்ஸில் கொண்டுபோயிருந்த மீதியைத் திறந்து, கரண்டியால் புரட்டிப் பார்த்து, மூடி வைத்தார்.

"வாந்தி, வயித்துவலி ஏதாவது?"

"சுத்தமா இல்ல டாக்டர்," என்றார் பம்புக்காரர் பெருமையாக.

"அத நல்ல சேதின்னு நெனைக்காதீங்க. சாதாரணமானதுன்னா சீக்கிரமே கெளப்பிடும். மோசமானது நிதானமாத்தான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள கல்லீரலுக்குப் போயிருக்கும்." பிறகு குடையக்காவிடம் திரும்பினார். "வெந்தத வெச்சி என்னால எதுவும் சொல்ல முடியாது. உங்களால முடியுமா?"

"முடியாதுங்க. நறுக்கியாச்சு, வதக்கியாச்சு."

நாத்தனாரிடம் குடையக்கா கேட்டார்: "தண்டுல பாவாட மாதிரி ஏதாவது தொங்குச்சா? வெசக் காளானுக்கு அது உண்டு. நல்லா யோசிச்சிச் சொல்லு."

"ஒண்ணும் இல்ல," என்றார் நாத்தனார் உடனே. யோசித்த மாதிரித் தெரியவில்லை.

இருவருக்கும் விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். டாக்டர் பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்தவர் எதையும் மறைக்கவில்லை. அங்கே கல்லீரல் பிரிவில் இடம் குறைவு. "ஏதோ காளான்" என்றால் அறிகுறி வந்த பிறகு அனுப்புங்கள் என்கிறார்கள். இன்ன காளான் என்று உறுதியாகச் சொன்னால் இப்போதே எடுத்துக்கொள்வார்கள், மருந்தும் எடுத்து வைப்பார்கள். அறிகுறி வந்த பிறகு புறப்பட்டால் வழியிலேயே பாதி நேரம் போய்விடும்.

"அறுத்த எடத்துல கால் இருக்கும்," என்றார் குடையக்கா. "மண்ணுக்குள்ள அப்படியேதான் நிக்கும். நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"எடம் எனக்குத்தானே தெரியும்," என்றார் நாத்தனார்.

டாக்டர் தயங்கினார். வானத்தைப் பார்த்தார்; மேகம் திரண்டுகொண்டிருந்தது. "சீக்கிரம் போயிட்டு வாங்க. மழையில கரைஞ்சிடப் போகுது."

பம்புக்காரரைக் கட்டிலில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம். கரி குடித்ததில் நாத்தனாரின் உதடும் பல்லும் மையிட்டது போல இருந்தன. புடவை மட்டும் ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. கார் கிளம்பியதும் நாத்தனார்தான் பேசினார்.

"அண்ணி, நீங்க மனசுல என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"நான் ஒண்ணும் நெனைக்கல. நீ எடத்த நெனை."

மேட்டில் ஏறும்போதே காற்று வந்துவிட்டது. காலையில் பார்த்த இடம் பிற்பகலில் வேறு மாதிரித் தெரிந்தது நாத்தனாருக்கு. இங்கேதான் என்பார், இல்லை என்பார், தொட்டி இடது பக்கம் தெரிந்தது என்பார். குடையக்கா குனிந்து புல்லை விலக்கிக்கொண்டே போனார். நானும் என்னால் முடிந்தவரை குனிந்தேன். முதலில் கண்டுபிடித்தவர் நாத்தனார்தான். புல்லுக்குள் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வட்டம். கத்தி போன தடம் அவ்வளவு துல்லியமாக இருந்தது.

குடையக்கா மண்டியிட்டார். திருப்புளியைச் சற்றுத் தள்ளி இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தளர்த்தினார். இழுக்கவில்லை. விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளிக் கீழே போனார். தண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது, மெலிந்துகொண்டே போனது. கடைசியில் கறுத்த நுனியோடு நீளமாக வெளியே வந்தது.

"இது நல்லது."

நாத்தனார் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்ததும் வால். அதற்கடுத்ததும் வால். நாத்தனாரின் குரல் திரும்பி வந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே. ஊரக் கூட்டி, கரியக் குடிக்க வெச்சி... இந்த வாயோட நான் எப்படித் தெருவுல நடக்கறது?"

"அவ்வளவுதானா? வேற எங்கேயும் அறுக்கலையே?"

குடையக்கா நிமிர்ந்து பார்த்தார். நாத்தனார் மேட்டின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலா இருந்துச்சுன்னு கொஞ்சம் மேல போனேன்."

"மரத்துக்கிட்டயா?"

"அங்க இன்னும் வெள்ளையா, நல்லா இருந்துச்சு அண்ணி."

குடையக்கா அவர் தோளில் கை வைத்தார். "திட்டமாட்டேன். தண்டுல ஏதாவது தொங்குச்சா?"

"ஒரு சவ்வு மாதிரி... அழுக்குன்னு நெனைச்சேன். கைக்குட்டையால தொடைச்சி எடுத்துட்டேன்." அவர் இரண்டு விரலைக் காட்டினார். "எல்லாத்துலயும் இல்ல. ரெண்டுல. ரெண்டுலதான்."

குடையக்கா ஓடவில்லை. நடந்துதான் போனார். ஆனால் அவர் நடையை எட்டிப்பிடிக்க என்னால் முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு மரத்தடியில் சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தார். முதல் துளி விழுந்தது. சருகுக்கு அடியில் அதே துல்லியமான வெட்டு, அதே வெள்ளை வட்டம். திருப்புளி இறங்கியது. இந்த முறை அவர் ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. மண்ணுக்குள் சற்றே கீழே தண்டு குமிழாகப் பருத்து முடிந்துவிட்டது. அதைச் சுற்றி, கிழிந்த முட்டைத்தோடு போல, வெள்ளையாக ஒரு பை.

அவர் அடுத்ததையும் தோண்டினார். அதிலும் பை. அருகிலேயே அறுபடாமல் முட்டை போல ஒன்று முளைத்திருந்தது. அதையும் மண்ணோடு பெயர்த்து, கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவில் வைத்தார். மூடியை அழுத்தி மூடும்போது அது இரண்டு முறை தவறியது.

"அது என்ன அண்ணி? கெட்டதா?"

"வண்டியில ஏறு."

டாக்டர் டப்பாவைத் திறந்ததும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பையைப் படம் பிடித்து அனுப்பினார், போனில் பேசினார். நாங்கள் நனைந்த துணியோடு நின்றுகொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் முன்வாசலுக்கு வந்துவிட்டது. பம்புக்காரர் ஏறும்போதும் நம்பவில்லை. "நான் இல்லாம வால்வ யாரு தெறக்கறது? நாளைக்கு ஊருக்கே தண்ணி இருக்காது," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். வழியில் பாதி தூரம் போகும்போது அவருக்கு வாந்தி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நாத்தனாருக்கும்.

மாற்றுத் துணியோடு மறுநாள் நான் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது இருவரும் சுருட்டிப் போட்ட துணி போலக் கிடந்தார்கள். அதற்கு மறுநாள் பம்புக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வயிறு அடங்கிவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. ஊசியைக் கழற்றுங்கள், வீட்டுக்குப் போகிறேன் என்று நர்ஸிடம் சண்டை போட்டார்.

"எனக்கு என்ன வந்திருக்கு? பாருங்க சார், நல்லாத்தானே இருக்கேன்?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். குடையக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அவர் கட்டிலின் விளிம்பில், கணவரின் போர்வை மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் எழவேண்டுமானால் இவரைத் தள்ளிவிட்டுத்தான் எழவேண்டும்.

"இங்க டாக்டர் என்ன சொன்னாரு? இந்த நாள்தான் ஏமாத்துற நாள்னு சொன்னாரா இல்லையா? வெளிய அமைதியா இருக்கும், உள்ள வேல நடக்கும். படுங்க."

மாலையில் வந்த ரத்தப் பரிசோதனை அவர் சொன்னதையே சொன்னது. நாத்தனாரின் கல்லீரல் பாதிப்பு அளவு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. பம்புக்காரருடையது எங்கோ போயிருந்தது. மறுநாள் அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. அவர் வாயைத் திறந்து எதையாவது குறை சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

அன்று ஒரு காவல் அதிகாரி வந்தார். விஷம் என்று வந்தால் அவர்கள் விசாரித்துத்தான் ஆக வேண்டுமாம். வராந்தாவில் வைத்துக் கேட்டார்.

"சமைச்சது யாரு?"

சக்கர நாற்காலியில் இருந்த நாத்தனார் வாயைத் திறந்தார். அதற்குள் குடையக்கா பேசிவிட்டார்.

"பறிச்சது நாங்க ரெண்டு பேரும். காளான் தெரிஞ்சவ நான். தெரியாதவ கையில கூடையக் குடுத்துட்டுப் போனதும் நான்தான்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குள்ள விரோதம் ஏதாவது?"

"நெறைய இருக்கு சார். எல்லாம் அலமாரிய அடுக்கறதப் பத்தித்தான்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணன் இருந்த அறையின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே போவதில்லை. கூப்பிட்டாலும் போவதில்லை. வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து, புடவை விளிம்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். குடையக்கா சாப்பிடச் சொன்னால் தலையை ஆட்டுவார், சாப்பிடமாட்டார்.

அடுத்த பரிசோதனையில் அளவு இன்னும் ஏறியிருந்தது. கல்லீரல் மாற்றும் பேச்சை டாக்டர்கள் எடுத்தார்கள். யார் கொடுப்பது, யாருடையது பொருந்தும் என்றெல்லாம் பேசினார்கள். குடையக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பை இருந்ததப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு சார். நெனைச்சது சரிதான்னு. என்ன மனசு பாருங்க இது."

அந்தப் பை கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டிலே கிடைத்திருக்காது என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு மறுநாள் காலையில் டாக்டர் தாளோடு வெளியே வந்தார். அவர் முகத்தை நாங்கள் மூவரும் படிக்கப் பார்த்தோம். அது பழகிய முகம், ஒன்றும் காட்டவில்லை.

"ஏறல," என்றார். "கொஞ்சம் எறங்கியிருக்கு. இன்னிக்கே சந்தோசப்படாதீங்க."

நாங்கள் சந்தோஷப்படவில்லை. மறுநாளும் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் இன்னும் நன்றாக இறங்கியது. மாற்றும் பேச்சை அவர்கள் விட்டுவிட்டார்கள். சீக்கிரமே கொண்டுவந்து மருந்து தொடங்கியதுதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். அன்று மதியம் முதல்முறையாக, வாய்வழியாக ஏதாவது கொடுக்கலாம் என்றார்கள். குழைய வேகவைத்த சோறு, ஒரு கிண்ணத்தில்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தவர் நாத்தனார். அறைக் கதவு வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, நீங்களே குடுங்க."

"ஏன், உனக்கென்ன?"

"என் கையால வேணாம்."

குடையக்கா கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வாங்கியிருக்கலாம், எழவில்லை. "எனக்குக் கை வலிக்குது. நீயே குடு," என்றார்.

பம்புக்காரர் மஞ்சள் கண்ணால் தங்கையைப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "எவ்வளவு நேரம் வாயத் தெறந்து வெச்சிருக்கறது?" என்றார்.

நாத்தனார் உள்ளே வந்தார். கரண்டி கிண்ணத்தில் இடித்துச் சத்தம் போட்டது. ஒரு வாய் ஊட்டிவிட்டு, அவர் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடையக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். பம்புக்காரர் நிதானமாக மென்று, விழுங்கி, முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல. யாரு சமைச்சது இத?"